உஷ்ண சம்பந்தம்

காலண்டர் விஷயமாகச் சிவகாசிக்குப் போகிறவர்கள் வழக்கமாக இரண்டு பொருள்களுடன் திரும்பி வருவார்கள். ஒன்று, கனமான மாதிரிப் புத்தகம். மற்றொன்று, வெய்யிலால் வந்த தலைவலி. ஆடிப் பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவது அவ்வூர் அச்சுக்கூடத்தாரின் வழக்கம். அதை முன்னிட்டுச் சென்ற நாம் மூன்றாவதாக ஒன்றையும் எடுத்து வந்தோம். அது ஒரு கணக்கு.

"கணக்கா? எங்களை விட்டுவிடுங்கள்!" என்று நேயர்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிட வேண்டாம். இந்தக் கணக்கில் கூட்டல் கழித்தலைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. மனிதர் செய்ய வேண்டியதெல்லாம், யாருக்கும் யாருக்கும் என்ன சம்பந்தம் என்று விசாரித்து எழுதுவதுதான். அந்தக் காரியத்தில் நம் வீட்டுப் பெரியவர்களுக்குள்ள சாமர்த்தியம் உலகப் பிரசித்தம் அல்லவா?

விருதுநகரில் நமக்கு ஒரு பழைய நண்பர் இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது சர்க்கார் தஸ்தாவேஜில் மட்டுந்தான். சாயங்காலமானால் அவர் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பிள்ளைகளாவது உட்கார்ந்திருப்பார்கள். ரயிலுக்கு நேரமிருந்ததால் அவரைப் பார்க்கப் போனோம். அன்று திண்ணையில் ஒரே ஒரு பெண் இருந்தாள். பொறியியல் கல்லூரியில் கடைசி வருஷம் படிப்பவள். அவள் மடியில் இருந்த கம்ப்யூட்டரின் திரையில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒரு படம் ஜொலித்துக் கொண்டிருந்தது.

"கணக்கு முடிந்துவிட்டது, ஸார். ஒன்றும் பயமில்லை என்றுதான் வந்திருக்கிறது" என்றாள் அவள்.

என்ன கணக்கு என்று விசாரித்தோம். அந்தப் பெண்ணின் தாயார் சிவகாசிப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையில் பல வருஷங்களாக வேலை செய்கிறவள். அந்த வட்டாரத்தில் 'மருந்து' என்றால் வைத்தியர் கொடுப்பதல்ல. பட்டாசுக்குள் அடைக்கும் தூளுக்குத்தான் அந்தப் பெயர். அன்றைய வேலையில் மீந்த மருந்தை ஆலையின் அறையிலேயே ஒரு தகர டப்பாவில் மூடி, மேஜை மேல் வைத்துவிட்டால், சித்திரை மாத வெய்யிலில் அது எவ்வளவு சூடேறும் என்று கண்டுபிடிப்பதே கணக்கு. மீந்த மருந்தை அப்படி வைத்திருக்கக் கூடாது, அன்றன்றே அப்புறப்படுத்த வேண்டும் என்பது விதி. விதி தவறினால் என்ன ஆகும் என்பதே அவளுடைய கேள்வி. கல்லூரிக்காக எடுத்துக்கொண்ட கேள்விதான். ஆனால் கல்லூரிக்காக மட்டும் எடுத்துக்கொண்டதல்ல என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கூரை, சுவர், மேஜை, டப்பா, மூடி, மருந்து என்று ஆறு உறுப்புகளை அவள் படமாக வரைந்திருந்தாள். ஒவ்வொரு உறுப்பையும் கம்ப்யூட்டர் ஆயிரக் கணக்கான சிறு துண்டுகளாக நறுக்கி, துண்டுக்குத் துண்டு உஷ்ணம் எப்படிப் போகிறது என்று கணக்கிடுகிறது. படத்தில் கூரை கோவைப் பழமாகச் சிவந்திருந்தது. சுவர் மஞ்சள் பூத்திருந்தது. மருந்து மட்டும் குளிர்ந்த நீலமாக, சாந்தமே உருவாக இருந்தது. வர்ணப் படத்துக்கு மயங்காதவர் யார்? படம் போட்டுப் பத்திரிகை நடத்தும் நாமே மயங்கிவிட்டோம்.

நண்பர் மயங்கவில்லை. "மருந்தின் உஷ்ண நிலை எவ்வளவு?" என்று கேட்டார்.

"30 டிகிரி, ஸார்."

"காலையில்?"

"30."

"உச்சி வெய்யிலில்?"

"30."

"கணக்கை ஆரம்பிக்கும்போது எல்லா உறுப்புகளுக்கும் என்ன உஷ்ண நிலை கொடுத்தாய், அம்மா?"

"முப்..." என்று தொடங்கிய அந்தப் பெண் நாக்கைக் கடித்துக் கொண்டாள்.

மருந்து சூடேறவில்லை என்று கணக்குச் சொல்லவில்லை. மருந்துக்கு உஷ்ணம் வருவதற்கு வழியே இல்லை என்றுதான் சொல்லியிருந்தது. வழியை அவள் எழுதிக் கொடுக்க மறந்துவிட்டாள். படத்தில் டப்பாவுக்குள் மருந்து இருப்பதை நம் கண் காண்கிறது. ஒன்றையொன்று தொடுகிறது என்று மனம் தானே முடிவு செய்துகொள்கிறது. கம்ப்யூட்டருக்குக் கண்ணும் கிடையாது, ஊகமும் கிடையாது. 'இதன் இந்தப் பக்கமும் அதன் அந்தப் பக்கமும் ஒன்றையொன்று தொடுகின்றன. அதன் வழியே இவ்வளவு உஷ்ணம் போகும்' என்று குறித்துக் கொடுத்தாலன்றி, இரண்டுக்கும் நடுவே உஷ்ணம் புகாத மதில் ஒன்று இருப்பதாகவே அது வைத்துக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்து வீட்டில் முப்பது வருஷம் குடியிருந்தும் பேச்சு வார்த்தை இல்லாத குடும்பங்கள் இல்லையா? அப்படித்தான்.

இக்காலத்து யந்திரங்களில் இந்தத் தொடர்புகளைத் தானே தேடிக் கண்டுபிடித்து இணைக்கும் வசதியும் உண்டு. அது கல்யாணத் தரகரைப் போன்றது. உபகாரந்தான், ஆனால் முழுதும் நம்பிவிடக் கூடாது. இவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் இரண்டு பரப்புகளைச் சேர்த்துவிடு என்று அதற்கு ஓர் அளவு கொடுக்கிறோம். வரைபடத்தில் தலைமயிர் அளவு இடைவெளி கூடிவிட்டால், சேர வேண்டியதை விட்டுவிடும். அளவைத் தாராளமாகக் கொடுத்தால், வேண்டுமென்றே விலக்கி வைத்த இரண்டு தகடுகளையும் பிடித்து முடிச்சுப் போட்டுவிடும். முதல் தவறாவது சில சமயம் பல்லிளித்துக் காட்டிக் கொடுக்கும். இரண்டாவது தவறு பொருத்தமான எண்களை உடுத்திக் கொண்டு சபையில் கௌரவமாக உட்கார்ந்திருக்கும்.

இந்த விஷயத்துக்கெல்லாம் ஆதி குரு பூரியே என்னும் பிரெஞ்சுக்காரர். நெப்போலியனுடன் எகிப்துக்குப் போய் வந்தவர். உஷ்ணம் திடப் பொருள்களில் பரவும் விதத்தைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1822-இல் வெளியாயிற்று. உஷ்ணத்தின் மீது அவருக்கிருந்த பிரியம் ஏட்டோடு நிற்கவில்லை என்றும், சூடான அறையில் கனத்த உடுப்புக்குள் புதைந்திருப்பார் என்றும் சொல்வார்கள். நம் விருதுநகருக்கு வந்திருந்தால் செலவில்லாமல் திருப்தி அடைந்திருப்பார். ஒரே பொருளுக்குள் உஷ்ணம் ஓடுவதை அவருடைய சமன்பாடு வெகு அழகாகச் சொல்கிறது. இரண்டு பொருள்கள் தொடும் இடந்தான் தொல்லை பிடித்தது.

ஏன் என்பதை வீட்டிலேயே பார்த்துக் கொள்ளலாம். அடி வளைந்துபோன தோசைக் கல்லை மின்சார அடுப்பின் தட்டையான தகட்டின் மேல் வையுங்கள். கல் தகட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் தோசை ஓரிடத்தில் கருகும், ஓரிடத்தில் வெள்ளையாகவே இருக்கும். தொடுகிற இடத்தில் உஷ்ணம் ஏறுகிறது; தொடாத இடத்தில் காற்று குறுக்கே நிற்கிறது. கண்ணாடி போல் வழவழப்பாகத் தேய்த்த இரண்டு உலோகத் தகடுகளைச் சேர்த்து வைத்தாலும் கதை இதுவே. பூதக் கண்ணாடியில் பார்த்தால் அவற்றின் பரப்பு மலையும் பள்ளத்தாக்குமாக இருக்கும். சிகரமும் சிகரமும்தான் தொடும். தொடுவதாக நாம் நினைக்கும் பரப்பில் மெய்யாகத் தொடுவது பெரும்பாலும் 100-இல் 1 அல்லது 2 பங்குதான். மற்ற இடமெல்லாம் காற்று. காற்றோ, அலுமினியம் கடத்தும் உஷ்ணத்தில் ஏறக்குறைய 9,000-இல் ஒரு பங்கைத்தான் கடத்தும். ஆனபடியால் ஒரு தகட்டின் விளிம்பில் இருக்கும் உஷ்ண நிலை, அடுத்த தகட்டின் விளிம்பில் படியிறங்கினாற்போல் சட்டென்று குறைந்திருக்கும். இறுக்கி முடுக்கினால் படி சிறிதாகும். நடுவே பசை தடவினால் இன்னும் சிறிதாகும். கம்ப்யூட்டர்களுக்குள்ளேயே மூளைச் சில்லுக்கும் அதைக் குளிர வைக்கும் உலோகத்துக்கும் நடுவில் இப்படி ஒரு பசை தடவித்தான் வைத்திருக்கிறார்கள்.

நண்பர் அந்தப் பெண்ணிடம் கம்ப்யூட்டரை மூடச் சொன்னார். ஒரு காகிதத்தை எடுத்து, உறுப்புகளின் பெயர்களை மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் எழுதிக் கட்டம் போடச் சொன்னார். ஒவ்வொரு கட்டத்திலும், இந்த இரண்டும் தொடுகின்றனவா, தொட்டால் எப்படி, தொடாவிட்டால் நடுவில் இருப்பது காற்றா, பார்வையா என்று எழுத வேண்டும். 'பார்வை' என்று அவர் சொன்னது கதிர் வீச்சை. தொடாமலே, நடுவில் காற்றுக்கூட இல்லாமலே, ஒன்றையொன்று 'பார்க்கும்' பொருள்களுக்கிடையே உஷ்ணம் போகும். சூரியன் நமக்கு அனுப்புவது அப்படித்தான். ஆறு உறுப்புகளுக்குப் பதினைந்து கட்டங்கள் வந்தன. அந்தப் பெண் முதலில் கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருந்தது மூன்றே சம்பந்தங்கள்!

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்த பிறகும் நண்பர் வெய்யில் கணக்குக்குப் போக விடவில்லை. "முதலில் ஒரு பொய்க் கணக்குப் போடு" என்றார். உண்மைச் சூரியனை மறந்துவிட வேண்டும். கூரையை 100 டிகிரியிலும், சுவரின் அடியை 0 டிகிரியிலும் பிடித்து நிறுத்த வேண்டும். மற்ற வழியெல்லாம் அடைத்துவிட்டு, உஷ்ணம் ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். சங்கிலி அறுபடாமல் இருந்தால் ஒவ்வொரு உறுப்பும் 100-க்கும் 0-க்கும் நடுவே ஓர் எண்ணுக்கு வந்து சேரும். எங்கேயாவது ஓர் உறுப்பு ஆரம்ப எண்ணிலேயே பிடிவாதமாக நின்றால், அதைக் கணக்கு ஜாதிப் பிரஷ்டம் செய்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து, கூரை வழியாக உள்ளே வந்த உஷ்ணமும் சுவர் வழியாக வெளியே போன உஷ்ணமும் காசுக்குக் காசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தொடுமிடத்திலும் படி எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். படியே இல்லையென்றால் இரண்டையும் ஒரே பொருளாக ஒட்டிவிட்டோம். படி மலையாக இருந்தால் எண்ணைத் தப்பாகக் கொடுத்துவிட்டோம்.

எண் தப்பாவதில் ஒரு விசேஷம் உண்டு. தொடுமிடத்தின் வழியே இவ்வளவு உஷ்ணம் போகும் என்பதைச் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று புத்தகத்தில் போட்டிருக்கும். வரைபடமோ மில்லிமீட்டரில் இருக்கும். மாற்றாமல் அப்படியே எழுதிவிட்டால் பிசகு இரண்டு மடங்கோ பத்து மடங்கோ அல்ல, 10 லட்சம் மடங்கு! ஒரு சதுர மீட்டரில் அத்தனை சதுர மில்லிமீட்டர்கள் அடக்கம். நமக்குத் தெரிந்த ஒரு தொழிற்சாலையில் இந்தப் பிசகு ஒரு மாதம் கண்டுபிடிக்கப்படாமல் இருந்ததாம். பெயர் வேண்டாம்.

'தொடாத' சம்பந்தத்தைக் குறைத்து மதிப்பிட்டால் வரும் கஷ்டத்துக்கு நம் தேசத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 2008-ஆம் வருஷம் அக்டோபர் 22-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட சந்திரயான்-1 சந்திரனுக்கு 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றத் தொடங்கியது. நவம்பர் மாதத்திலேயே அதன் உள் உஷ்ணம் 50 டிகிரி வரை ஏறிவிட்டது. அதன் ஒரு பக்கத்தில் சூரியன். மறு பக்கத்தில் வெய்யிலில் காய்ந்த சந்திரனின் தரை. அந்தத் தரையிலிருந்து வீசிய உஷ்ணம் முன்னால் மதிப்பிட்டதைக் காட்டிலும் அதிகமாக இருந்தது என்று பின்னர் இஸ்ரோ தரப்பில் சொன்னார்கள். கருவிகளில் சிலவற்றை அணைத்தும், கலத்தைத் திருப்பியும் சமாளித்தார்கள். 2009 மே மாதத்தில் 200 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றினார்கள். இரண்டு வருஷம் உழைக்க வேண்டிய கலம் அந்த ஆகஸ்டு 29-ஆம் தேதி பேச்சை நிறுத்திவிட்டது. அதற்குள் செய்ய வேண்டிய வேலையில் பெரும் பகுதியைச் செய்து, சந்திரனில் நீரின் அடையாளத்தையும் காட்டிவிட்டுத்தான் ஓய்ந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நன்றி கெட்ட செயலாகும்.

சந்திரனைப் பற்றிப் பேச்சு வந்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அங்கேயும் தூள்தானே, ஸார்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. 2023 ஆகஸ்டு 23-ஆம் தேதி சந்திரயான்-3 இறங்கிய இடத்தில், பத்து உஷ்ணமானிகள் பதித்த ஒரு கோலை மண்ணுக்குள் செலுத்தினார்கள். மேல் மட்டத்துக்கும் 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கும் சுமார் 60 டிகிரி வித்தியாசம் இருந்ததாக முதல் வரைபடம் காட்டியது. நாலு விரற்கடை ஆழத்துக்குள் பாலைவனமும் பனிமலையும்! சந்திர மண் பொடியாக இருப்பதுதான் காரணம். பொடி என்பது என்ன? ஒன்றையொன்று ஊசி முனையளவே தொடும் கோடிக் கணக்கான மணிகள். அத்தனையும் அரைகுறைச் சம்பந்தங்கள். சந்திரனில் நடுவில் காற்றுமில்லை; ஆகையால் உஷ்ணம் உள்ளே போகவும் முடியாது, உள்ளே இருப்பது வெளியே வரவும் முடியாது.

நம் டப்பாவில் இருக்கும் மருந்தில் மணிகளுக்கிடையே காற்று இருக்கிறது, அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் பொடி பொடிதான். இங்கேதான் அந்தப் பெண்ணின் கணக்கு விளையாட்டு அல்லவென்று நமக்கு உறைத்தது. சந்திர மண் சும்மா கிடக்கும். மருந்து சும்மா கிடப்பதில்லை. அலுமினியத் தூளில் ஈரம் பட்டால் ரசாயன மாறுதல் மெதுவாக நடந்து, தானே உஷ்ணத்தை உண்டாக்கும். கொஞ்சமாகப் பரப்பி வைத்தால் அந்த உஷ்ணம் வெளியே போய்விடும். குவித்து வைத்தால் போக வழி போதாது. குவியலின் நீள அகல உயரங்களை இரு மடங்காக்கினால் உள்ளே உற்பத்தியாகும் உஷ்ணம் எட்டு மடங்கு. அது வெளியேறும் பரப்போ நாலு மடங்குதான். மிச்சம் உள்ளேயே தங்கும். தங்கிய உஷ்ணம் ரசாயன மாறுதலை முடுக்கும்; முடுக்கிய மாறுதல் மேலும் உஷ்ணம் தரும். வட்டிக்கு வட்டி ஏறுவது போலத்தான்.

இந்த வட்டிக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர் ரஷ்ய விஞ்ஞானி செமியோனோவ், 1928-இல். குவியல் முழுதும் ஒரே உஷ்ண நிலையில் இருக்கிறது, தடையெல்லாம் அதன் வெளி விளிம்பில்தான் என்று அவர் வைத்துக்கொண்டார். 1939-இல் பிராங்க் காமெனெட்ஸ்கி என்பவர், தடை குவியலின் உள்ளேயே இருக்கிறது என்று வைத்துப் போட்டார். இரண்டு கணக்கிலும் கேள்வி ஒன்றே: உஷ்ணம் எந்த இடத்தில் தடைப்படுகிறது? பதிலுக்கேற்ப, எவ்வளவு பெரிய குவியல் ஆபத்து என்பதும், அதன் எந்தப் பாகம் முதலில் பற்றும் என்பதும் மாறிவிடுகின்றன. ரசாயன வினைகளை ஆராய்ந்ததற்காகச் செமியோனோவுக்கு 1956-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். கரிசல் வெளியில், சிறு சிறு அறைகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில், கோபித்துக் கொண்டவை போலத் தனித் தனியாக நிற்கும். நிலம் மலிவு என்பதாலல்ல. ஓர் அறையின் உஷ்ணமும் பொறியும் மற்றோர் அறைக்குச் சம்பந்தமாகிவிடக் கூடாது என்றுதான் வெடிபொருள் விதிகள் அந்த இடைவெளியைக் கேட்கின்றன. உரிய இடைவெளி விட்டு, உள்ளே சொற்ப மருந்தும் சொற்ப ஆட்களுமாக இருந்தால், ஓர் அறை போனாலும் அடுத்த அறை பிழைக்கும். அறைக்கு வெளியே மரத்தடியில் மருந்தை உலர்த்தினாலோ, இரண்டு அறைகளுக்கு நடுவே சரக்கைக் குவித்தாலோ, வெட்டி வைத்த சம்பந்தம் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் தீ அறைக்கு அறை தாவிற்று. ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். உதவிக்கு ஓடியவர்களும் அவர்களில் உண்டு. அந்தச் செய்தியைப் படித்தபோது அந்தப் பெண் சிறு பிள்ளையாக இருந்திருப்பாள். அவள் வீட்டில் யாரும் அதைச் செய்தியாகப் படித்திருக்க மாட்டார்கள்.

இருட்டுவதற்குள் அவள் பதினைந்து கட்டங்களையும் நிரப்பி, பொய்க் கணக்கைத் தேற வைத்து, வெய்யில் கணக்கை மறுபடி ஓட்டினாள். மருந்து இப்போது நீலமாக இல்லை. அதைவிட ஆச்சரியம் ஒன்று தெரிந்தது. கூரையும் சுவரும் சாயங்காலத்தில் ஆறிவிட்டன; மருந்தின் நடுப் பாகமோ அப்போதுதான் உச்ச உஷ்ணத்தில் இருந்தது. நண்பகல் வெய்யில் அந்த அரைகுறைச் சம்பந்தங்களையெல்லாம் கடந்து நடுவே வந்து சேர அவ்வளவு நேரம் ஆகிறது. ஆலை பூட்டி, ஆட்கள் வீடு திரும்பி, 'அப்பாடா, காற்று வருகிறது' என்று எல்லோரும் திண்ணையில் உட்காரும் வேளை அது. ரசாயன மாறுதலால் வரும் உஷ்ணத்தை அவள் இன்னும் சேர்க்கவில்லை. சேர்த்தால் எப்படியிருக்கும் என்று நண்பர் கேட்கவுமில்லை.

"உன் அம்மாவிடம் இந்தப் படத்தைக் காட்டினாயா?" என்று மட்டும் கேட்டார்.

"அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது, ஸார்."

"காட்டிப் பார்."

நாம் ரயிலேறிவிட்டோம். பத்து நாள் கழித்து நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. அம்மா படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாளாம். "தகர டப்பாவா? இரும்புச் சாமானை அந்த அறை வாசலுக்குள்ளேயே விடமாட்டார்களே! உராய்ந்தால் பொறி வருமே! மேஜை எங்கே இருக்கிறது? தரையில் ரப்பர் விரிப்புப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துதானே வேலை செய்கிறோம். மருந்து இருப்பது அட்டைத் தட்டில். கதவையும் காணோம், திறந்தே அல்லவா வைத்திருப்போம்?" என்று ஒவ்வொன்றாக அடுக்கினாளாம். டப்பா, மூடி, மேஜை மூன்றும் படத்திலிருந்து வெளியேறிவிட்டன. அட்டைத் தட்டு, ரப்பர் விரிப்பு, தரை, திறந்த கதவு வழியே வரும் காற்று என்று நாலு புது உறுப்புகள் வந்திருக்கின்றன. கட்டங்கள் இருபத்தொன்றாகிவிட்டன. அட்டைக்கும் ரப்பருக்கும் நடுவிலுள்ள தொடுமிடத்துக்கு எந்த எண்ணைப் போடுவது என்று புத்தகத்தில் அகப்படவில்லையாம். மருந்துக்குப் பதிலாக உப்புத் தூளைத் தட்டில் பரப்பி, உஷ்ணமானியைச் செருகி, நண்பரின் மொட்டை மாடியிலேயே அளந்து பார்ப்பதென்று முடிவாகியிருக்கிறது. உப்பு வாங்கியாகிவிட்டது, மழை விடுவதற்காகக் காத்திருக்கிறார்கள்.